மாமாவை எந்தப் பக்கம் வைப்பது

மேடகள்ளி, மைசூர்
புதன்கிழமை

மரியாதைக்குரிய தாய்மாமா சென்னிமலை அவர்களுக்கு,

உங்கள் அக்கா மாதம்மாவின் மகன் மனோஜ்குமார் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் உடம்பளவில் சுகம். கௌதள்ளியில் நீங்களும் அத்தையும் வினிதாவும் மாடு கன்றுகளும் சுகமாக இருக்கவும், இந்த மழை சோளத்தைச் சாய்க்காமல் போகவும் வேண்டிக்கொள்கிறேன். மருமகன் என்று கையெழுத்துப் போடும் தைரியம் இப்போதைக்கு இல்லாததால் வெறும் பெயரோடு நிறுத்திக்கொண்டேன்.

இந்தக் காலத்தில் எவன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். நீங்கள் போனை எடுப்பதில்லை. அத்தையும் எடுப்பதில்லை. வினிதாவுக்குப் போன் அடிக்க எனக்குக் கை வரவில்லை. கையில் இருப்பதோ பிசினஸ் ஸ்மார்ட்போன். அதை மேசைமேல் வைத்துவிட்டு, தெருமுனைக் கடையில் கோடு போட்ட தாள் வாங்கி, கவரில் பின்கோடு எங்கே எழுதுவது என்று அம்மாவிடம் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நான் இந்தப் போனை ஏன் வாங்கினேன் என்பதிலிருந்து தொடங்குகிறேன், மாமா. தப்பை மெல்லமெல்லத்தான் சொல்ல முடியும். குவெம்புநகரில் மஞ்சுநாத் என்று ஓர் ஆர்கிடெக்ட். நான் இன்னொருத்தரிடம் கூலிக்குப் பெயிண்ட் அடித்த காலத்தில் அவர் என்னிடம் நேரில் பேசியதே இல்லை. வாட்ச்மேனிடம் சொல்வார், வாட்ச்மேன் என்னிடம் சொல்வார், மூன்று பேரும் ஒரே அறையில்தான் நிற்போம். சொந்தமாக ‘மனோஜ் பெயிண்டிங் ஒர்க்ஸ்’ ஆரம்பித்துப் போய் நின்றபோதும் கொட்டேஷனை மெயிலில் அனுப்பச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தக் கோபத்தோடு போன் கடைக்குப் போனேன். கடைப் பையன் கனமான ஒரு போனை எடுத்து வைத்து, இது பிசினஸ் பண்றவங்களுக்குன்னே செஞ்சது சார் என்றான். மைசூருக்கு வந்த இத்தனை வருஷத்தில் என்னை ஒருவன் சார் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. மீதி எதையும் நான் கேட்கவில்லை. அந்த ஒரு சாருக்காகவே வாங்கினேன்.

நல்லதைச் சொல்லாமல் விட்டால் பாவம். சார்ஜ் நிற்கிறது. மூன்றாவது மாடி சாரத்திலிருந்து கீழே விழுந்தது, ஒரு கீறல் இல்லை. கீழே இருந்த வீட்டுக்காரரின் ரோஜாத் தொட்டிதான் இரண்டாகப் போனது. கொட்டேஷன் அனுப்புவதில் இதை அடிக்க ஆள் இல்லை. அதே சுவர், அதே பட்டிப் பூச்சு, அதே ரேட்; வாயால் சொன்னால் இவன் கொள்ளையடிக்கிறான் என்பார்கள், மேலே ஒரு பிரஷ் படம் போட்டுப் பிடிஎஃப்பாக அனுப்பினால் ரொம்ப ப்ரொஃபஷனல் என்பார்கள். மனுஷன் வாயைவிடப் பிடிஎஃப்புக்கு மதிப்புள்ள ஊர் இது. நானும் ஓர் ஆளாகிவிட்டேன் என்று கொஞ்ச நாள் இடுப்பில் அந்தப் போனை உறையோடு மாட்டிக்கொண்டு திரிந்தேன். நீங்கள் பார்க்கவில்லை. நல்லவேளை.

கெட்டது என்னவென்றால், இந்தப் போன் முகத்தைப் பார்த்துத் திறக்கும். பட்டி தேய்க்கிற நாளில் என் முகம் மாவு மில்லில் வேலை செய்கிறவன் முகம் மாதிரி இருக்கும். இது என்னை யாரோ என்று பார்த்துவிட்டுப் பூட்டிக்கொள்ளும். விரல் ரேகை வைக்கலாம் என்றால், உப்புத்தாள் பிடித்துத் தேய்ந்த விரலில் ரேகை எங்கே இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை குளித்துத் தலை சீவி உட்கார்ந்தால் மட்டும் கண் மூடித் திறப்பதற்குள் திறக்கும். வேலைக்கென்று செய்த போனுக்கு வேலை செய்கிற மூஞ்சி தெரியவில்லை, மாமா. இதைச் செய்தவன் மனசில் பிசினஸ் பண்ணுகிறவன் என்றால் ஏசியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறவன்தான், வெயிலில் நிற்கிறவன் அவன் கணக்கிலேயே இல்லை என்று சாரத்தில் நின்று நான் பெரிய பிரசங்கம் பண்ணிக்கொண்டிருந்தேன். நம்ம அய்யாவு பெரியப்பா கீழே கலர் கலக்கிக்கொண்டே, “மூஞ்சியக் கழுவீட்டு வந்து கோவப்படு சாமி, தொறந்துக்கும்” என்றார்.

இதெல்லாம் சின்ன விஷயம். பெரிய விஷயம், இந்தப் போனுக்குள் இரண்டு பக்கம் உண்டு. ஒன்று வேலை, ஒன்று சொந்தம். வேலை முடிந்ததும் வேலைப் பக்கம் தூங்கிவிடும், ஞாயிறு முழுக்கத் தூங்கும். அந்த நேரத்தில் யாராவது கூப்பிட்டால் மணி அடிக்காது. நாம் எழுதி வைத்திருக்கிற பதில் தானாகப் போய்விடும். படித்தவர்கள் நிம்மதியாக இருப்பது இப்படித்தான் போல என்று எனக்கு ஒரே குஷி. நம்பர் நம்பராக எடுத்து இவர் வேலையா, சொந்தமா என்று கேட்டது. நானும் மாமியார் வீட்டுக்குப் புதிதாகப் போன மாப்பிள்ளை மாதிரி அது கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன்.

அங்கேதான் சிக்கல். இதைச் செய்தவன் ஊரில் வேலைக்காரன் வேறு, சொந்தக்காரன் வேறு. எனக்கு அப்படியா? கலர் கலக்குவது பெரியப்பா, சாரம் கட்டுவது பங்காளி, ரோலர் உருட்டுவது அத்தை வழியில் மச்சான். பெரியப்பா வேலையா சொந்தமா? ஏணி பிடிக்கும்போது வேலை, ஏணியிலிருந்து விழுந்தால் சொந்தம். அம்மா ஆட்களுக்கெல்லாம் மத்தியானச் சோறு ஆக்குகிறாள். அவள் போன் ரிப்பேரானதும் அவள் சிம்மையும் இதிலேயே போட்டிருந்தேன். நான் விரலைத் தூக்கி யோசிப்பதைப் பார்த்து, “நான் எதுலடா வர்றேன்?” என்று கேட்டாள். வேலையிலம்மா என்றேன். “அது எனக்கு எப்பவோ தெரியும்” என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

உங்களையும் வேலைப் பக்கம் வைத்தேன். கோபப்படாமல் கேளுங்கள், மரியாதையாகத்தான் வைத்தேன். என்னிடம் இருக்கிற ஆட்களெல்லாம் உங்கள் வாய்ச்சொல்லை நம்பிக் கௌதள்ளியிலிருந்து பஸ் ஏறியவர்கள். சொந்தக்காரர்கள் கூப்பிட்டால் அப்புறம் பேசலாம் என்று விடுகிற கெட்ட புத்தி எனக்கு உண்டு. வேலை என்றால் அடித்த முதல் மணியிலேயே எடுப்பேன். அதனால் உங்களை உயர்ந்த இடத்தில் வைத்ததாகத்தான் நினைத்தேன். மஞ்சுநாத்தை எங்கே வைத்தேன் தெரியுமா? பிடிஎஃப் போன பிறகு அந்த மனுஷன் என்னிடமே பேச ஆரம்பித்தார். ஒரு நாள் தோளில் கை போட்டு, நீனு நம்ம மனெ ஹுடுகன தர என்றார். எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி என்று அர்த்தம். அந்த வீட்டுப் பிள்ளை லிஃப்டில் ஏறக் கூடாது, பின்பக்கப் படியில்தான் ஏற வேண்டும். அந்த வீட்டுப் பிள்ளைக்கு டீ காகிதக் கப்பில், அதுவும் வாசலுக்கு வெளியே. வீட்டுப் பிள்ளைதானே என்று சாக்குச் சொல்லி ரேட்டையும் இழுப்பார். எல்லாம் தெரிந்தும், தோளில் விழுந்த அந்தக் கைக்கு மயங்கி அவரைச் சொந்தம் பக்கம் வைத்தேன். ஊர் அநியாயத்தையெல்லாம் திட்டுகிறவனின் லட்சணம் இது.

பத்து நாளைக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் அடித்தது. மஞ்சுநாத். சாயங்காலம் விருந்தாளிகள் வருகிறார்களாம், ஹால் சுவரின் நிறம் அவர் வீட்டம்மாவுக்குப் புளித்த தயிர் மாதிரித் தெரிகிறதாம். உடனே வந்து ஒரு கோட் அடி என்றார். நான் ரோலரைத் தூக்கிக்கொண்டு பின்பக்கப் படியில் ஏறினேன். அதே காலையில் நீங்கள் அத்தையைக் கூட்டிக்கொண்டு, வாழைத்தாரோடு சப்அர்பன் பஸ் ஸ்டாண்டில் இறங்கியிருக்கிறீர்கள். நல்ல நாளாகப் பார்த்து வருகிறேன் என்று சொன்னவர் எந்த நாள் என்று சொல்லவில்லை. வீடு மாறியதைச் சொன்ன நானும் வழியைச் சொல்லவில்லை. லொகேஷன் அனுப்பறேன் மாமா என்று பெருமையடித்ததோடு சரி. அம்மாவைக் கூப்பிடலாம் என்றால் அவள் நம்பரும் இதே போனில்தான் தூங்கிக்கொண்டிருந்தது.

நீங்கள் பேசி அனுப்பியதையெல்லாம் திங்கட்கிழமை வேலைப் பக்கம் கண் விழித்த பிறகுதான் கேட்டேன். எத்தனை முறை கேட்டேன் என்று சொல்ல மாட்டேன். “மாப்ள, நானும் அத்தையும் எறங்கீட்டம், எப்படி வாறது?” என்றீர்கள். அதற்குப் போயிருக்கிற பதில்: ‘மனோஜ் பெயிண்டிங் ஒர்க்ஸைத் தொடர்பு கொண்டதற்கு நன்றி. உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம்.’ “டேய், நான் சென்னிமலை மாமன்டா” என்றீர்கள். ‘உட்சுவரா, வெளிச்சுவரா என்பதைத் தெரிவிக்கவும்.’ “வினிதா விசயமாப் பேச வந்திருக்கறேன்” என்றீர்கள். ‘சதுர அடி அளவைத் தெரிவித்தால் எங்கள் பிரதிநிதி நேரில் வந்து பார்வையிடுவார்.’ கடைசியாக வந்ததில் உங்கள் குரல் இல்லை. பஸ் சத்தம், தூரத்தில் அத்தை, “வாங்க, போலாம்” என்கிறார். அதற்கும் விடாமல், எங்கள் சேவை எப்படி இருந்தது, நட்சத்திரம் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறது. ஒரு நட்சத்திரம் கொடுத்திருக்கிறீர்கள். விரல் தவறிப் பட்டதா, யோசித்துக் கொடுத்ததா என்று தெரியவில்லை. எப்படியிருந்தாலும் அதிகம்தான்.

அந்தப் பதில்களையெல்லாம் எழுதியது போன் கம்பெனிக்காரன் இல்லை. நான்தான். ஒரு ராத்திரி உட்கார்ந்து, முதலில் இது, அப்புறம் இது என்று அடுக்கி, படித்துப் பார்த்து, எவ்வளவு கௌரவமாக இருக்கிறது என்று நானே சிரித்துக்கொண்டேன். என்னை வாசலில் நிறுத்திப் பேசிய ஆட்களின் பாஷையை ஆசை ஆசையாகக் கற்றுக்கொண்டு முதலில் யார்மேல் பிரயோகித்தேன் பாருங்கள்.

அம்மா விஷயத்தைக் கேட்டதும் ஒரே தடவை வாய் திறந்தாள். “என் தம்பி பஸ் ஸ்டாண்டுல நின்னான். நீ எவன் வீட்டுச் செவுத்துக்கோ பவுடர் போட்டுட்டு இருந்த.” அன்றிலிருந்து சோறு மட்டும் வைக்கிறாள், பேச்சு இல்லை. அய்யாவு பெரியப்பாவை உங்களிடம் தூது அனுப்பினேன். திரும்பி வந்தவரிடம் மாமா என்ன சொன்னார் என்று கேட்டேன். காப்பி குடுத்தாங்க, மழையப் பத்திப் பேசுனாங்க, உன்ற பேச்சை எடுத்ததும் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டாரு என்றார். கிளம்பும்போது மட்டும் நீங்கள் சொன்னதாக ஒன்று சொன்னார்: “அவன்கிட்டச் சொல்லீரு. என்ற புள்ளைய நான் சதுர அடிக் கணக்குல குடுக்கறதில்லை.” பெரியப்பா அதைச் சொல்லும்போது சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்க்காமல் பிரஷ் கழுவினேன்.

நான் செய்தது இவ்வளவு. போனுக்குள் இருந்த அந்தப் பிரிவினையை எடுத்துவிட்டேன். இப்போது எல்லாரும் எல்லா நேரமும் கூப்பிடுகிறார்கள், தூக்கம் போச்சு, இருக்கட்டும். மஞ்சுநாத்திடம் இனி ஞாயிற்றுக்கிழமை வர மாட்டேன் என்று நேரில் சொன்னேன். அதுவும் முன்பக்கப் படியில் ஏறிப் போய்ச் சொன்னேன். போன் வாங்கினதிலிருந்து உனக்குக் கொழுப்பு ஜாஸ்தி ஆயிடுச்சு என்றார். கொழுப்பு முன்னாடியே இருந்தது சார், காட்டத்தான் வசதி இல்லை என்றேன். அவருடைய அடுத்த வேலை வேறு ஆளுக்குப் போய்விட்டது. வெளியே வந்ததும் ஐயோ என்று இருந்தது, அதையும் மறைக்க விரும்பவில்லை.

கடைசியாக, நேராகவே எழுதிவிடுகிறேன். வினிதாவைக் கட்டிக்கொள்ள எனக்கு மனசார ஆசை. இதை நான் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை, அவளிடமும்கூட. நீங்கள் பெரிய மனசு பண்ணி மன்னித்தால், இனி உங்களை பஸ் ஏற விடமாட்டேன்; அம்மாவோடு நானே வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு கௌதள்ளிக்கு வந்து முறையாகக் கேட்கிறேன். உங்கள் கோபம் எப்போது தீரும் என்பதை மட்டும் ஒரு வரி தெரியப்படுத்தினால் போதும். அத்தைக்கு என் வணக்கம். வினிதாவுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை, அதனால் மாடுகளுக்கு என் அன்பு. உங்கள் வீட்டில் நோய் நொடி அண்டாதிருக்கட்டும், கிணறு வற்றாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் காலில் விழக் காத்திருக்கும்
மனோஜ்குமார்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது வினிதா கூப்பிட்டாள். அந்தப் பதில்களைப் பார்த்துவிட்டு அவள் கோபப்படவில்லையாம், நிம்மதியாகத் தூங்கினாளாம். நர்சிங் முடித்தவளை பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்கு எடுத்திருக்கிறார்கள். ஒன்றாம் தேதி போய்ச் சேர வேண்டும். இப்போது உங்கள் கோபம் தீர்ந்தால் அடுத்த முகூர்த்தத்திலேயே தேதி குறித்துவிடுவீர்கள், அப்புறம் எந்த வேலை என்கிறாள். என்னைக் கட்டிக்கொள்வது பற்றி இரண்டு வருஷம் கழித்து யோசித்துச் சொல்வாளாம். சரி என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாமாம். அதை நீயே உங்க அப்பாகிட்டச் சொல்லேன் என்றேன். “நீ எழுது. சமாதானம் ஆனப்புறம் சொன்னா அவருக்குப் புதுசா ஒரு கோவம் வரும். இப்பவே சொன்னா இருக்கற கோவத்துலயே அடங்கீரும்” என்றாள். கவரிலிருந்து தாளை வெளியே எடுத்தேன். அவள் சொல்வது நியாயம், மாமா. ஆகவே மேலே நான் கேட்டிருக்கும் மன்னிப்பைக் கணக்கில் எடுக்க வேண்டாம். என்மேல் உள்ள கோபத்தைக் குறைக்காமல் வைத்திருங்கள். அவளை மட்டும் ஒன்றாம் தேதிக்குள் பஸ் ஏற்றிவிடுங்கள். அத்தைக்கு இது தெரிந்தால் மனசு சங்கடப்படும், மெதுவாகச் சொல்லலாம் என்று எழுத நினைத்தேன். அவளை விண்ணப்பம் போடச் சொன்னதே அத்தைதானாம். சரி, எங்கள் அம்மாவிடமாவது பக்குவமாகச் சொல்வோம் என்று சமையற்கட்டுக்குப் போனேன். இத்தனை நாள் பேசாமல் இருந்தவள், “ஒன்னாம் தேதிதானே, தெரியும்” என்றுவிட்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஆக, தகவல் போய்ச் சேராதவர்கள் நீங்களும் நானும் மட்டும்தான்.