மாமா தட்டிப் பார்த்த பல்

ஆண்டர்சன்பேட்டை,
கோலார் தங்க வயல்.
8-7-2001, ஞாயிறு இரவு

கர்த்தருக்குள் மிகுந்த மரியாதைக்குரிய ஃப்ளோரா அண்ணி அவர்களுக்கு,

தம்பி மனைவி ஐடா பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் பாப்பாவும் தேவ கிருபையால் சுகம். உங்கள் அப்பா சுகம், கொஞ்சம் அதிகமாகவே சுகம். உங்கள் தம்பி ஒரு பல் நீங்கலாகச் சுகம். அரக்கோணத்தில் நீங்களும் அண்ணனும் பிள்ளைகளும் நலமாக இருக்க ஜெபிக்கிறேன். ஊறுகாய் வந்து சேர்ந்தது, ஜாடி உடையவில்லை. இந்த வீட்டில் உடையாமல் வந்து சேர்ந்த ஒரே பொருள் அதுதான்.

அண்ணி, இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படியுங்கள். நான் நின்றுகொண்டே பார்த்தேன், அந்தத் தவறை நீங்கள் செய்ய வேண்டாம். உங்கள் தம்பிக்கு நாளைக் காலை பெங்களூரில் இன்டர்வியூ என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேனே, அந்த ஹோட்டல் ரிசப்ஷன் வேலை. மைன்ஸ் மூடியதிலிருந்து டைம் ஆபீஸ் கிளார்க்காக இருந்த மனுஷன் வீட்டுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருக்கிறார், இதுதான் முதல் முதலாக வந்த அழைப்பு. பேப்பரில் போட்டிருந்த விளம்பரத்தில் படிப்பைப் பற்றி ஒரு வரி, அனுபவத்தைப் பற்றி ஒரு வரி, கடைசியில் "எப்போதும் சிரித்த முகம் அவசியம்" என்று தடித்த எழுத்தில் ஒரு வரி. அதைப் படித்த அன்றே உங்கள் தம்பி கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பழக ஆரம்பித்தார். பழகிய மூன்றாம் நாள், பாப்பாவின் கிரைப் வாட்டர் பாட்டில் மூடி திறக்கவில்லை என்று பல்லால் கடித்தார். மூடி திறக்கவில்லை. முன்பல் பாதி கையில் வந்துவிட்டது. காலேஜ் நாளில் ஹாக்கி மட்டை பட்டுக் கறுத்திருந்ததே, அதே பல். நான் போட்ட கூச்சலில் பாப்பா வயிற்றுவலியை மறந்துவிட்டாள்.

ராபர்ட்சன்பேட்டையில் ரஷ்மி என்று ஒரு பெண் டாக்டர் புதிதாகக் கிளினிக் போட்டிருக்கிறார், கன்னடக்காரர், நம் தமிழும் நன்றாகவே பேசுவார். அவர் வேருக்குள் இருந்த நரம்பையெல்லாம் எடுத்துச் சுத்தம் செய்து அடைத்துவிட்டார். அதோடு விட்டார் என்று நினைத்தேன். போன வாரம் போனால், பல் உள்ளே கூடாக இருக்கிறது, மேலே உறை மாதிரி மாட்டுகிற கேப் நிற்க ஆதாரம் கிடையாது, அதனால் வேருக்குள்ளே ஒரு தூண் இறக்க வேண்டும் என்கிறார்! வாய்க்குள் தூண்! அதுவும் கண்ணாடி நாரில் செய்த தூணாம், ஃபைபர் கிளாஸ்! நான் கெமிஸ்ட்ரி படித்தவள், கண்ணாடி என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? மென்று சாப்பிடுகிற வாயில் கண்ணாடியை வைப்பார்களா? எனக்குத் தலை சுற்றிவிட்டது, பாப்பாவைப் பக்கத்து நாற்காலி அம்மாவிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். டாக்டர் அதை எடுத்துக் காட்டினார். தீக்குச்சியைவிட மெலிசாக, வெள்ளையாக, சின்னதாக ஒரு குச்சி. இரும்புத் தூண் போட்டால் அது விறைத்துக்கொண்டு நிற்கும், ஒருநாள் வேரையே பிளந்துவிடும், இது பல்லோடு சேர்ந்து கொஞ்சம் வளைந்து கொடுக்கும், வெளியே கறுப்பாகவும் தெரியாது என்று பொறுமையாகச் சொன்னார். எனக்குப் பாதி தைரியம் வந்தது. வந்த பாதியும் போனதற்குக் காரணம், எங்களோடு உங்கள் அப்பாவும் வந்திருந்ததுதான்.

மாமா அண்டர்கிரவுண்டில் மேல்பாறை சரியாமல் முட்டு வைக்கிற கேங்கில் மேஸ்திரியாக இருந்தவர் என்பது உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் அந்த டாக்டரிடம் யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். மாமா அந்தக் குச்சியை வாங்கி விரலில் உருட்டிப் பார்த்தார். "டாக்டரம்மா, மரத்துல முட்டு குடுத்தா, முறியறதுக்கு முன்னாடி முனகும், நாங்க ஓடி வந்துடுவோம். இரும்பு சொல்லாம கொள்ளாம போயிடும். இது இன்னா பண்ணும்?" என்றார். டாக்டர், "அய்யோ அங்கிள், இது பல்லு. யாரும் ஓட வேணாம்" என்றார். "ஏர்பிளாஸ்ட் வந்தா தாங்குமா?" என்று அடுத்த கேள்வி. பூமிக்கடியில் பாறை வெடித்து நம் வீட்டு அலமாரிப் பாத்திரமெல்லாம் குலுங்குமே அது, உங்கள் தம்பியின் வாயில் எப்படி வரும் என்று நீங்களே சொல்லுங்கள். டாக்டர் பசை விட்டு, குச்சியை இறக்கி, நீல வெளிச்சம் ஒன்றை வாய்க்குள் பிடித்தபோது மாமா எழுந்து நின்றுவிட்டார். "ஆங், கேப் லாம்ப் போட்டுகினு வேலை செய்றா. கெட்டிக்காரி" என்று எல்லார் முன்னாலும் சர்டிபிகேட் கொடுத்தார், மைன்ஸில் தொப்பியில் மாட்டுவார்களே அந்த விளக்காம். நிஜ கேப் பெங்களூரிலிருந்து செய்து வர வேண்டும், அதுவரைக்கும் இது என்று தற்காலிகமாக ஒன்றை ஒட்டிவிட்டு, கெட்டியாக எதையும் கடிக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். கண்ணாடியில் பார்த்தால் ராஜா மாதிரி இருந்தார் உங்கள் தம்பி. வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார், தெரியாதவர்களைப் பார்த்துக்கூட.

அன்று சாயங்காலம்தான் முதல் அதிர்ச்சி. சமையலறையிலிருந்து வந்து பார்க்கிறேன், உங்கள் தம்பி நாற்காலியில் தலையைச் சாய்த்து வாயைத் திறந்து உட்கார்ந்திருக்கிறார், மாமா என் எவர்சில்வர் ஸ்பூனால் அவர் பல்லை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருக்கிறார்! தட்டுவதும், காதைக் கிட்டே கொண்டுபோவதும், தலையாட்டுவதும். "மாமா, இன்னா மாமா பண்றீங்க?" என்று அலறினேன். "நீ சும்மா இரும்மா. புதுசா முட்டு வச்ச எடத்துல, ஷிஃப்ட் ஆரம்பிக்கிறப்போ மேல்பாறையத் தட்டிப் பாக்காம எவனும் உள்ள போவமாட்டான். கணீர்னு கேட்டா கெட்டி. டொக்குனு கேட்டா லூசு. லூசா இருந்தா நாமளே முன்னாடி கீழ தள்ளிடணும், அது தலைமேல வுழுற வரைக்கும் காத்துகினு இருக்கக் கூடாது" என்றார். எவ்வளவு பேரை இப்படிக் காப்பாற்றியிருக்கிறார் என்பது எனக்கும் தெரியும் அண்ணி, அதை நான் ஒரு நாளும் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அது பாறை, இது உங்கள் தம்பி கிளமெண்ட்! உங்கள் தம்பியைக் கேட்டால், "அப்பா மனசு கஷ்டப்படும், விடு ஐடா" என்கிறார். அன்றிலிருந்து காலை ஷிஃப்ட், மத்தியான ஷிஃப்ட், சாயங்கால ஷிஃப்ட் என்று தட்டல் நடக்கிறது. பாப்பாவும் ஒரு ஸ்பூனை எடுத்துக்கொண்டு பூனையின் வாயைத் தேடுகிறாள்.

இன்று நடந்ததைக் கேளுங்கள். ஆராதனை முடிந்து வந்து, நாளை நல்ல காரியத்துக்குப் போகிறாரே, வாய் இனிக்கட்டும் என்று நான் கடலை உருண்டை பிடித்தேன். உங்கள் தம்பி, "டாக்டர் வேணாம்னு சொன்னாங்களே" என்றார். நான்தான், இது இளம்பாகு, வாயில் வைத்தால் கரையும், ஒன்றும் ஆகாது என்று ஒன்றைக் கையில் கொடுத்தேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. இருட்டில் அவர் பாதி சாப்பிட்டுவிட்டு, மீதியை டப்பாவிலேயே போட்டுவிட்டு, "வாய் ஏதோ மாதிரி கீது" என்றார். அவ்வளவுதான், உள்ளேயிருந்து மாமா டார்ச்சோடும் ஸ்பூனோடும் வந்துவிட்டார். அந்த டார்ச்சின் பேட்டரி தீர்ந்து மாசம் ஒன்றாகிறது, கண் புரை வேறு, ஆபரேஷனுக்கு வரமாட்டேன் என்கிறார், "பாறைய எவன் கண்ணால பாத்தான், காதுதான்" என்பார். இருட்டில் எனக்குச் சத்தம் மட்டும் கேட்டது. கணீர். கணீர். கணீர். அப்புறம் ஒரு டொக்கு.

"லூசு!" என்றார் மாமா.

கரண்ட் வந்தது. அண்ணி, நான் பார்த்ததை என் விரோதியும் பார்க்கக் கூடாது. உங்கள் தம்பி வாயைத் திறந்தபடி இருக்கிறார், முன்னால் கேப் இல்லை! பல் இருந்த இடத்தில் ஒரு வெள்ளை மொட்டை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறது. எதிரே மாமா, கையில் ஸ்பூன். நாளைக்கு இன்டர்வியூ, சிரித்த முகம் அவசியம், முகம் இருக்கிறது, சிரிப்புக்குத்தான் வழியில்லை! கேப்பை நாங்கள் தேடாத இடமில்லை. நாற்காலியைக் கவிழ்த்தோம், பாயை உதறினோம், மூன்று பேரும் தரையில் தவழ்ந்தோம், எங்களைப் பார்த்துப் பாப்பா கை தட்டினாள், உடனே எனக்கு இவள் எடுத்து விழுங்கியிருப்பாளோ என்று பயம் வந்து, அவள் வாயில் விரல் விட்டதில் என்னைக் கடித்துவிட்டாள். அவள் பல்லெல்லாம் கெட்டியாகத்தான் இருக்கிறது. டாக்டர் ஞாயிற்றுக்கிழமை கோலாரில் அவர் வீட்டுக்குப் போய்விடுவார், பக்கத்து வீட்டு நாகேஷின் போனில் நம்பர் போட்டுப் போட்டுப் பார்த்தோம், யாரும் எடுக்கவில்லை.

மாமாவுக்கு வருத்தம் இருக்கும் என்று நினைக்கிறீர்களா? "நான் தட்டுனேன், லூசா இருந்துச்சு, கீழ தள்ளிட்டேன். நாளைக்கு அந்த ஆபீசர் மேசைமேல போய் வுழுந்திருந்தா இன்னா ஆயிருக்கும்? நம்ம ஊட்டுலயே வுழுந்துச்சேன்னு சந்தோஷப்படுவியா..." என்கிறார். அதோடு, "உள்ள முட்டு ஆடலை பாத்தியா? கண்ணாடி முட்டு நின்னுடுச்சு. அந்தப் பொண்ணு வேலைக்காரி!" என்று பூரிப்பு. உங்கள் தம்பி போய்ச் சட்டைக்கு இஸ்திரி போட்டார். போட்டுவிட்டு கண்ணாடி முன்னால் நின்று, வாயை மூடிக்கொண்டு சிரித்துப் பார்த்தார். ஒருமுறை பார்த்துவிட்டு விளக்கை அணைத்துவிட்டார். அதைத்தான் அண்ணி என்னால் தாங்க முடியவில்லை.

ஆகையால் நான் வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். நான் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து மாமாவைப் பற்றி உங்களிடம் ஒரு குறை சொன்னதுண்டா? இப்போது சொல்கிறேன். நிஜ கேப் வந்து ஒட்டி, அது நன்றாக இறுகும் வரைக்கும் மாமாவை அரக்கோணத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்களே நேரில் வாருங்கள், நான் சொன்னால் கேட்கமாட்டார். எல்லாம் அந்த ஸ்பூனால் வந்த வினை. அதை மாமா தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறார். நாளைக்கு உங்கள் தம்பிக்கு அந்த வேலை கிடைக்காமல் போனால் அதற்கு யார் பொறுப்பு என்று நான் எழுதமாட்டேன், உங்களுக்கே தெரியும்.

அண்ணனுக்கு என் வணக்கங்கள், பிள்ளைகளுக்கு முத்தங்கள். கர்த்தர் உங்கள் வீட்டையும், வீட்டில் உள்ளவர்களின் வாயில் உள்ளதையும் பத்திரமாகக் காப்பாராக.

இப்படிக்கு,
நொந்துபோன தம்பி மனைவி,
ஐடா கிளமெண்ட்

பின்குறிப்பு (செவ்வாய்க் காலை): அண்ணி, வர வேண்டாம். மேலே உள்ளதைப் படித்துவிட்டுப் பெட்டி கட்டியிருந்தால் அவிழ்த்துவிடுங்கள். நேற்று விடியற்காலை பாப்பாவுக்குக் கொடுக்கலாம் என்று கடலை உருண்டை டப்பாவைத் திறந்தேன். உங்கள் தம்பி கடித்துப் போட்ட பாதி உருண்டையில், கடலையோடு கடலையாக, கேப் பதிந்து உட்கார்ந்திருந்தது. நான் செய்த இளம்பாகு கல்லாகியிருந்தது. மாமா ஸ்பூனை எடுக்கும் முன்பே அது அங்கே போயாயிற்று. அவர் தட்டியது வெறும் தூணைத்தான். எனக்கு வந்த அதிர்ச்சியில் டப்பாவைக் கீழே போட்டேன், உருண்டைகள் ஒன்றுகூட உடையவில்லை.

ஓடிப்போய் நாகேஷ் வீட்டிலிருந்து போன் பண்ணினேன், இந்தத் தடவை டாக்டர் எடுத்தார், ஞாயிறு ராத்திரியே திரும்பிவிட்டாராம். "கழுவிட்டு, ஸ்வல்ப டூத்பேஸ்ட் வச்சு மெதுவா அமுக்குங்க. இன்னிக்கு ஒரு நாள் நிக்கும். எதையும் கடிக்க வேணாம்னு சொல்லுங்க. ஆமா, எப்படிக் கழண்டுச்சு?" என்றார். லைன் சரியில்லை டாக்டர் என்று வைத்துவிட்டேன். அப்படியே ஒட்டி, மாரிக்குப்பத்தில் முதல் ரயிலில் ஏற்றிவிட்டோம். அங்கே பிஸ்கட் கொடுத்தார்களாம், தொடவில்லையாம். சிரிக்கச் சொன்னார்களாம், சிரித்தாராம். வருகிற திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள் அண்ணி! கேப் எங்கே கிடைத்தது என்று கேட்ட உங்கள் தம்பியிடம், கிடைத்தது என்று மட்டும் சொன்னேன். "நான் தள்ளுனது எங்க போயிடும்?" என்றார் மாமா. நேற்றிலிருந்து தெருவில் போகிற வருகிறவரையெல்லாம் நிறுத்தி, மகனுக்கு வேலை கிடைத்தது தன் ஸ்பூனால்தான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். கேட்கிற கிழவர்கள் எல்லாரும் அண்டர்கிரவுண்டில் இருந்தவர்கள், "கரெக்டா செஞ்ச ஏனோக்கு" என்று மாமா பேரைச் சொல்லித் தோளில் தட்டுகிறார்கள். மைன்ஸ் மூடியதிலிருந்து அவர் முகத்தில் இவ்வளவு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. எந்த வாயால் நான் உருண்டையைச் சொல்வது?

அதனால் மேலே எழுதியதை நீங்கள் யாருக்கும் படித்துக்காட்ட வேண்டாம். இந்தப் பின்குறிப்பை மாமா காதில் விழும்படி எந்தக் காலத்திலும் படிக்க வேண்டாம். முழுசையும் கிழித்துப் போட்டிருப்பேன், ஆனால் தபாலாபீசுக்குப் போக மாமா செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார்.

"இன்னாமா, இன்னும் எழுதிகினே கீற? ஃப்ளோராவுக்கு நான் தட்டுன விஷயத்த எழுதுனியா இல்லியா?" என்கிறார்.

எழுதிவிட்டேன் மாமா, ஒன்றுவிடாமல் எழுதிவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.