மாப்பிள்ளையின் லேசர் வைத்தியம்

"ஒரு கண்ணுக்கு எவ்வளவு நேரம் புடிக்கும் மாப்புள்ள?"

ஷேக் தாவூது கேட்டதும் ஆகிப் பிரியாணியை விட்டுவிட்டுத் தண்ணீரை எடுத்தான். லப்பைக்குடிக்காட்டில், வருங்கால மாமனார் வீட்டில் முதல் விருந்து. ஆகிப் சென்னையில் லேசர் இயற்பியலும், உயிர்த்திசுவுக்குள் ஒளி போகும் விதமும் எம்.டெக். படிக்கிறான். இவ்வளவையும் சம்பந்தி வீட்டில் ஒப்பிக்க முடியாமல் அவன் அம்மா ஜுலைகா, "கண்ணுக்கு லேசர் வைக்கிற டாக்டர்" என்று சுருக்கிவிட்டாள்.

உண்மையைச் சொன்னால் ருமைசா கை நழுவிப் போய்விடுவாள். பெண் பார்த்த அன்று அவள் இந்தப் பக்கம் பார்த்துச் சிரித்த சிரிப்பில் பையன் அடியோடு விழுந்துவிட்டான். அதற்கப்புறம் புத்தகத்தைத் திறந்தால் ஒளித்துகள்களான ஃபோட்டான்கள்கூட முக்காடு போட்டுக்கொண்டுதான் வந்தன.

கதவோரம் நின்ற ஜுலைகா கண்ணை உருட்டினாள்.

"கொஞ்ச நேரந்தான் மாமா."

"அப்ப எனக்கு இன்னிக்கே பண்ணிவுடுங்க!"

"மெஷின் வேணும் மாமா."

ஷேக் தாவூது எழுந்து போய், துபாயிலிருந்து கொண்டுவந்த பேனா லைட்டோடு வந்தார். சுவரில் சிவப்புப் புள்ளி ஆடியது. "இதுவும் லேசருதானே?"

"இது பவர் பத்தாதுங்க."

"எவ்வளவு பவரு? சொல்லுங்க, துபாய்ல மச்சான் இருக்காரு." கையில் செல்போன் வந்துவிட்டது.

ஆகிபுக்கு வேர்த்துக்கொட்டியது. பக்கத்தில் அவனுடைய ஒன்றுவிட்ட சகோதரன், பெரியத்தா மகன் அஸ்லாம் கவலையே இல்லாமல் எலும்பு கடித்துக்கொண்டிருந்தான். பெண் பார்க்கத் துணைக்கு வந்தவன், சாப்பிடவும் துணைக்கு வந்திருந்தான்.

"வேணாம் மாமா! எனக்கு இன்னும் அனுபவம் பத்தாது."

"இதுவரைக்கும் எத்தன பேருக்குப் பண்ணிருக்கீங்க?"

"மனுசங்களுக்குப் பண்ணல. கோழிக்கறிலதான் லேசர் அடிச்சுப் பாக்குறோம்."

ஷேக் தாவூது கையிலிருந்த லெக் பீஸைத் தட்டில் வைத்துவிட்டார். "கோழிக்கு எதுக்குங்க கண் ஆபரேஷன்?"

இனி மறைக்க முடியாது. ஆகிப் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். டாக்டர் இல்லை, வெறும் இயற்பியல், கண்ணைத் தொடக்கூடத் தெரியாது. ஜுலைகா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

ஷேக் தாவூது கோபப்படவில்லை. திருட்டு முழி முழித்தார்.

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது மாப்புள்ள. ருமைசாவுக்குத்தான்... சோடாபுட்டிக் கண்ணாடி. நீங்க பொண்ணு பாக்க வந்தப்ப கழட்டி வச்சுட்டோம். நிக்காஹ்க்கு முன்னாடி உங்க கையாலேயே சரிபண்ணிடலாமுன்னு பாத்தேன்."

"யா அல்லாஹ்! ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்!" ஜுலைகா குலுங்கிச் சிரித்தாள்.

ஆகிபுக்குத் தலைகால் புரியவில்லை. "கண்ணாடி போட்டா என்ன மாமா? எனக்கு அவங்களப் புடிச்சிருக்கு. கண்ணாடியோடவே வரச்சொல்லுங்க!"

திரை விலகியது. தடித்த கண்ணாடியோடு ருமைசா வந்தாள். ஆகிபை உற்றுப் பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தாள். பிறகு பக்கத்திலிருந்த அஸ்லாமைப் பார்த்து விரலை நீட்டினாள்.

"அத்தா, அன்னிக்கு நான் அவருக்குல்ல சம்மதம் சொன்னேன்!"