ஆருக்குக் கொழுப்புக் கூட?

கழிவுநீர்க் கான் மறுபடியும் பொங்கி, ஸ்ரெல்லாவின் சாப்பாட்டுக்கடை வாசலில் கணுக்கால் அளவுக்கு நின்றது. தேவாலயத்தில் பூசை முடிந்து மீன்பொரியல் வாங்க வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போனார்கள்.

ஸ்ரெல்லா கையில் அகப்பையோடு பக்கத்துக் கடைக்குப் பாய்ந்தாள். அங்கே சுபாஸ்கரன் கொத்துரொட்டி போட்டுக்கொண்டிருந்தான்.

"உம்மடை எண்ணெய்தான் கானை அடைக்குது. வெளியிலை வந்து பாரும்!"

"என்ரை எண்ணெயோ? நாள் முழுக்க மீன் பொரிக்கிறது நீங்கள், ஸ்ரெல்லாக்கா."

"ஆருக்குக் கொழுப்புக் கூட எண்டு ஊர் பார்க்கட்டும்!"

ஊர் பார்த்தது மட்டுமல்ல, அறிவித்தும் விட்டது. சுகாதாரப் பரிசோதகர் சோமசேகரம் வந்து கான் மூடியை நெம்பிப் பார்த்தார். உள்ளே கொழுப்பு கட்டிகட்டியாக உறைந்து கிடந்தது.

"கழுவின தண்ணியை நேரை கானுக்கை விடக்கூடாது. இடையிலை கொழுப்புத் தொட்டி ஒண்டு கட்டுங்கோ. கொழுப்பு மேலை மிதக்கும். அதை அள்ளி வாளியிலை வையுங்கோ. கிழமைக்கு ஒருக்கா எங்கடை குப்பை றக்ரர் வந்து ஏத்தும்."

"உவனுக்கும் சொல்லுங்கோ, ஐயா."

"முதல் நீங்கள் கட்டுங்கோ, அம்மா."

அந்த 'முதல் நீங்கள்' அவளுக்குச் சுட்டது. தொட்டியைக் கட்டினாள். சாப்பாட்டுக் கோப்பைகளைக் கடதாசியால் துடைத்த பிறகே கழுவினாள். யாராவது குழம்பை மிச்சம் விட்டால், "வழிச்சுச் சாப்பிடுங்கோ, கான் அடைச்சால் நீங்களோ வந்து அள்ளுறது?" என்று கத்தினாள். சாப்பிட வந்தவர்கள் பயந்து வழித்தார்கள். கொழுப்பை அள்ளும் ஒவ்வொரு முறையும் சுபாஸ்கரனைத் திட்டினாள். றக்ரர் ஓட்டும் கனகரத்தினம் வந்து, நிறைந்த வாளிகளைப் பக்குவமாக ஏற்றிக்கொண்டு போனார்.

மறுநாள் கான் முன்னையைவிட மோசமாகப் பொங்கியது.

ஸ்ரெல்லா சோமசேகரம் வேலைசெய்யும் கந்தோருக்கே போய்ச் சத்தம் போட்டாள். அதன் பிறகு சுபாஸ்கரனும் தொட்டி கட்ட வேண்டியதாயிற்று. இரண்டு கடை வாளிகளும் றக்ரரில் ஏறின. மறுநாள் கொத்துக்கடைக்குள்ளும் ஊத்தைத் தண்ணீர் புகுந்தது.

இப்போது இருவருமாகச் சேர்ந்து கந்தோருக்குப் போய்ச் சத்தம் போட்டார்கள். பேக்கரி, பிரியாணிக்கடை என்று ஒழுங்கை முழுக்கத் தொட்டிகள் முளைத்தன. றக்ரர் பெட்டி நிறைய வாளிகள் போயின.

மறுநாள் ஸ்ரெல்லாவின் குசினிக் கழிவுநீர்க் குழாய் வழியாகவே கான் மேலே வந்தது. பெருநாளுக்கென்று உருட்டி வைத்திருந்த றோல்ஸ் எல்லாம் அதில் மிதந்தன. கோயில் பெருநாள் வியாபாரத்தை நம்பித்தான் அவள் வருடம் முழுக்க அடுப்போடு மல்லுக்கட்டுவது.

சோமசேகரம் வந்து பார்த்தார். "பெருநாள் முடியுமட்டும் கடையைப் பூட்டுங்கோ. இல்லாட்டி சீல் வைப்பன்."

"ஏன் பூட்டவேணும்? நீங்கள் சொன்னதெல்லாம் செய்தனான்! ஒரு சொட்டு எண்ணெய் கானுக்கை விட்டனானோ?" ஸ்ரெல்லா கையிலிருந்த நனைந்த றோல்ஸை அவர் காலடியில் வீசினாள்.

"அக்கா சொல்லுறது உண்மை, ஐயா," என்றான் சுபாஸ்கரன். "நான் இரவு பகலாக அவவைத்தான் உளவு பார்த்தனான். ஒண்டும் விடேல்லை."

அந்த நேரம் கனகரத்தினத்தின் றக்ரர் வந்து நின்றது. ஸ்ரெல்லா ஓடிப்போய் அதை மறித்தாள்.

"அண்ணை, நீங்களே இவருக்குச் சொல்லுங்கோ. நாங்கள் வாளி வாளியாக் கொழுப்பு அள்ளித் தாறமோ, இல்லையோ?"

கனகரத்தினம் றக்ரரை நிறுத்திவிட்டு இறங்கினார்.

"ஓம் ஐயா, இதுகள் பாவங்கள், ஒழுங்காத்தான் தருகுதுகள். உந்த ஒழுங்கை மேல்முடக்கிலை கான் மூடியைத் திறந்துதான் நான் வழக்கமா இதை ஊத்துறனான், இப்ப என்னடாவெண்டால் அதுக்கை இறங்குதே இல்லை, எந்த அறிவுகெட்டவன் என்னத்தைக் கொட்டி அடைச்சு வைச்சிருக்கிறானோ!"