உரிமையாளர் இல்லாத வீடியோ

இருபத்திரண்டு வருஷமாகக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் டீச்சரம்மா ஒரு சைக்கிளைக்கூட உரசியதில்லை. ஆனால் யாருடைய காரோ ரிவர்ஸிலேயே போய்க் குளத்தில் விழும் வீடியோவில், எவனோ ஒரு புண்ணியவான் அவள் பள்ளியின் பெயர்ப்பலகையை ஒட்டி இணையத்தில் விட்டுவிட்டான். ஒரே வாரத்தில் படிக்க வந்தவர்களெல்லாம் நின்றுபோனார்கள். மிஞ்சியது ரெண்டே பேர். அதில் ஒருத்தி நாத்தனார், அவளும் "அண்ணி, எதுக்கும் ஒரு மிதவை கட்டிக்கவா?" என்றாள்.

இன்னும் ஒரு வாரம் போனால் பள்ளிக்குப் பூட்டுதான். வீடியோவை இணையத்திலிருந்து எடுக்கச் சொல்லி டீச்சரம்மா அரசாங்கப் புகார் அலுவலகத்துக்கு ஓடினாள்.

"இதுக்குப் புதுச் சட்டமெல்லாம் வேண்டாம்மா. இருக்கிற சட்டத்துலயே எல்லாம் இருக்கு" என்றார் அதிகாரி.

தேடினார்கள். தபால் சட்டம் பொருந்தவில்லை. வீடியோவில் தபால்தலை இல்லை. பத்திரிகைச் சட்டமும் உதவவில்லை. 'மேற்படி வீடியோவை மடித்துச் சாமான் கட்ட இயலாது' என்று குமாஸ்தா குறிப்பெழுதினார். கடைசியில் தெருநாய்ச் சட்டம் அளவெடுத்துத் தைத்தாற்போல உட்கார்ந்தது.

"கேளுங்க. 'உரிமையாளர் இன்றித் தெருத்தெருவாகத் திரிந்து, போவோர் வருவோரைக் கடிப்பது.' உங்க வீடியோ வேற என்ன பண்ணுது?"

"வீடியோ ஓடுற அந்த இணையக் கம்பெனிக்காரனைக் கேட்டீங்களா சார்?"

"கேட்டோமே. 'நாங்கள் தெரு மட்டுமே, நாய் எங்களுடையது அல்ல'ன்னு எழுதியிருக்கான். ரொம்ப மரியாதையான ஆளு."

"அப்ப யாருதான் பொறுப்பு?"

அதிகாரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "அதுக்குப் பழைய தீர்ப்பு ஒண்ணு இருக்கு. ஒரு நாய் தபால்காரரைக் கடிச்சுது. என் நாயில்லேன்னு தெருவே கைவிரிச்சுது. 'அதிகம் சோறு போட்டவரே உரிமையாளர்'னுட்டாரு நீதிபதி."

"வீடியோவுக்கு ஏது சார் சோறு?"

"பாக்கறதுதாம்மா சோறு. பாக்கப் பாக்கக் கொழுக்குதில்ல?"

டீச்சரம்மாவுக்கு ஜென்மத்தில் முதல் தடவையாக ஒரு அலுவலகத்தின் மேல் மரியாதை வந்தது. "நெத்தியடி சார்! அதிகமா சோறு போட்டவனைப் பிடிங்க, விடாதீங்க!"

பிடித்தார்கள். மூன்றாம் நாள் குமாஸ்தா பட்டியலை வாசித்தார். "முந்நூற்றுப் பன்னிரண்டு தடவை பார்த்து முதலிடம்..." தொண்டையைச் செருமினார். "நீங்கதாம்மா."

"ஐயோ, வக்கீலுக்குக் காட்டினேன், நாத்தனாருக்குக் காட்டினேன், உங்களுக்கே எட்டு தடவை காட்டினேனே!"

"எட்டு வேளை, ஒப்புதல் வாக்குமூலம்" என்று அதிகாரி குறித்துக்கொண்டார்.

"ரெண்டாவது யாரு?"

குமாஸ்தா பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்தார். "இந்த அலுவலகம்."

ஆணை கையோடு கிடைத்தது. 'மேற்படி வீடியோவின் உரிமையாளர் ஏழு நாட்களுக்குள் அதற்குத் தடுப்பூசி போட்டு, இத்துடன் வழங்கப்படும் கழுத்துப்பட்டையை அணிவித்து, தம் வீட்டில் கட்டிவைக்கக் கடவர்.'

பட்டையைப் பிடித்தபடி டீச்சரம்மா பஸ்ஸில் உட்கார்ந்தாள். பக்கத்து சீட்டுப் பெண் போனை நீட்டினாள்.

"அக்கா, இதைப் பாத்தீங்களா? எவளோ ஒரு டீச்சராம், காரைக் கொண்டுபோய்க் குளத்துல விட்டிருக்கா!"

"பாத்துட்டேம்மா."

"இன்னொரு தடவை பாருங்கக்கா, கடைசியிலதான் சிரிப்பே இருக்கு."

பஸ்ஸே எழுந்து எட்டிப் பார்த்தது. கண்டக்டர் சீட்டுக் கிழிப்பதை நிறுத்தினார். டீச்சரம்மாவும் பார்த்தாள்; முந்நூற்றுப் பதிமூன்று. பிறகு நிமிர்ந்து, நீண்டிருந்த கழுத்துகளை ஒவ்வொன்றாக எண்ணினாள். தன்னுடையதையும் சேர்த்து முப்பத்தொன்பது.

கையில் இருந்ததோ ஒரே ஒரு பட்டை.