ஒரே உதை

பதினேழாவது உதையில் நூலகரின் செருப்பு கழன்று, எதிர்வீட்டுத் தையல்காரரின் ஜன்னலடியில் போய் விழுந்தது. வண்டி மட்டும் அசைந்துகொடுக்கவில்லை.

"ஒரே உதைன்னீங்களே மாமா? நானும் எண்ணிக்கிட்டேதான் இருக்கேன்" என்றான் மச்சினன், வாசற்படியில் உட்கார்ந்தபடி.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் விற்ற மோட்டார் சைக்கிள் அது. விற்ற நாளிலிருந்து அதன் புகழ் பாடாமல் நூலகருக்குச் சோறு இறங்கியதில்லை. "காலையில ஒரே உதை! சொன்ன பேச்சு கேட்கும்" என்று கல்யாண வீடு, துக்க வீடு பார்க்காமல் சொல்லி வந்தார்.

போன வாரம் ஒரு மெக்கானிக் ஷெட்டின் மூலையில் அதைப் பார்த்தவர் ஓடிப்போய்த் தடவிப் பார்த்தார். சின்ன வயதில் மகள் டேங்கில் ஆணியால் கிறுக்கிய பூனைகூட அப்படியே இருந்தது. கையோடு வாங்கி வந்துவிட்டார்.

மாடியில் குடியிருக்கும் மச்சினன் கார் நிறுத்துகிற இடத்தில் வண்டி நின்றதுதான் வினை.

"இன்னிக்குள்ள ஒரே உதையில கிளம்பினா இங்கேயே இருக்கட்டும். இல்லேன்னா பழைய இரும்புக்குப் போட்டுடணும். அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டான். நூலகரும் வீறாப்பாகத் தலையாட்டிவிட்டார்.

முட்டியைப் பிடித்தபடி மனைவி மெல்ல வெளியே வந்தாள். "என்னங்க, போய்க் குளிச்சிட்டு வந்து உதைச்சுப் பாருங்களேன்."

"நான் குளிச்சா வண்டிக்கு எப்படிடி அழுக்கு போகும்?"

மெக்கானிக்கை வரவழைத்தார்கள். பிளக்கை மாற்றினார். அதுவரை வாய் திறக்காத வண்டி, டமாரென்று வெடித்தது. கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்தார். வெடி நின்று பெட்ரோல் ஒழுகியது. ஒழுகலை அடைத்தார். அடுத்த உதையில் கிக்கர் எகிறித் திருப்பியடிக்க, நூலகரின் கெண்டைக்கால் புடைத்துக்கொண்டது.

"வண்டியில கோளாறு இல்ல சார். குளிர்ந்து கிடக்கிற என்ஜின் முரண்டு பிடிக்கும். முப்பது உதையாவது வேணும். ஒரு தடவை சூடாயிட்டா குழந்தை உதைச்சாலும் கிளம்பும்."

"அதெல்லாம் ஊரான் வண்டிய்யா. இது என் வண்டி."

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். மச்சினன் எழுந்து, "சரி, வாங்க, உங்களை ஷெட்டுல விட்டுட்டு இரும்புக்காரரைக் கூட்டிட்டு வர்றேன்" என்று அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போனான்.

நூலகர் பூனையைக் கைக்குட்டையால் துடைத்தார். கண் கலங்கியது. இத்தனை வருஷம் தான் சொன்னதெல்லாம் புளுகாகிவிடுமோ என்று இருந்தது.

"குளிச்சிட்டு வாங்க" என்றாள் மனைவி மறுபடியும்.

எதிர்த்துப் பேசத் தெம்பில்லை. வீட்டின் பின்பக்கக் குளியலறைக்குப் போய்க் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, வண்டி இருந்த காலத்துக் காலைகளைப் போலவே அபசுரமாக உரக்கப் பாடியபடி குளித்தார். துக்கத்தில் பாட்டு வழக்கத்தைவிட நீண்டுவிட்டது.

வெளியே வந்தபோது இரும்புக்காரர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். நூலகர் கண்ணை மூடிக்கொண்டு ஓர் உதை விட்டார்.

கிளம்பியது!

மச்சினன் வாய் பிளந்தான். "என்ன மாமா மாயம்?"

"மாயமாவது மண்ணாவது! அது என் கால் ராசிடா!"

இரும்புக்காரர் வெறுங்கையோடு நடையைக் கட்டினார். மனைவி படியில் சாய்ந்து, முந்தானையால் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சந்தோஷத்தில் இவளுக்கும் வேர்க்கிறது என்று நினைத்துக்கொண்டார் நூலகர்.

தெருவை ஒரு வட்டம் அடித்துவிட்டு, செருப்பை வாங்கிக்கொள்ளத் தையல்காரர் ஜன்னலோரம் நிறுத்தினார். இருபது வருஷமாக அந்த இடத்தில் மெஷின் மிதிக்கிற மனுஷர் அவர்.

"பார்த்தீங்களா? அன்னிக்கும் ஒரே உதை, இன்னிக்கும் ஒரே உதை!"

தையல்காரர் செருப்பை நீட்டினார்.

"பார்த்தேன் சார். ஆனா பாவம், அக்காவுக்கு முன்ன மாதிரி முட்டி தாங்காது. நாளையிலேருந்து நீங்க குளிக்கப் போனதும், அந்த முதல் முப்பது உதையை நான் வந்து உதைச்சுடறேன்."