நினைவு தப்பிய கம்ப்யூட்டர்

அன்று காலை என் தலையில் இடி விழுந்தது. இனித் தயாரிக்கப்போகும் மேசைக் கம்ப்யூட்டர்களைத் திறக்கவே முடியாது என்று கம்பெனி அறிவித்துவிட்டது. உள்ளே எல்லாம் ஒட்டி, மேலே மூடி. தீர்ந்தது விஷயம்!

நான் வீட்டிலிருந்தபடியே கட்டட வரைபடம் போடுகிறவன். பல வருஷமாக அந்தக் கம்பெனிப் பெட்டிதான் எனக்குச் சோறு போடுகிறது. ஒரு பாகம் மக்கர் செய்தால் நானே கழற்றி மாற்றிவிடுவேன். அந்த உரிமை பறிபோகும்போது சும்மா இருப்பதா? கடைகளில் தீர்வதற்குள், திறக்கிற பெட்டி இன்னொன்று வாங்கிப் பத்திரப்படுத்துவதென்று முடிவெடுத்தேன். எங்கள் வீட்டில் முடிவெடுப்பது நான். அனுமதி கொடுப்பது மனைவி.

"இருக்கறது நல்லாத்தானே ஓடுது?"

"எதிர்காலத்தை யோசிச்சுப் பாரு."

"அது வரட்டும், பாத்துக்கலாம்."

ஓடுவதுதானே தடை? அவள் குளிக்கப் போனதும் பெட்டியின் பக்கப் பலகையைக் கழற்றினேன். கம்ப்யூட்டருக்கு நினைவாற்றல் தருகிற மெமரித் தகடு இரண்டையும் உருவிச் சட்டைப் பையில் போட்டேன். பலகையை மாட்டிவிட்டு, தலையில் கை வைத்து உட்கார்ந்தேன்.

"என்னாச்சு?"

"போயிடுச்சும்மா. பட்டனை அமுக்கினா முனகுது. நினைவே இல்ல."

என் மனைவி பல் டாக்டர். கிளினிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் கைப்பையிலிருந்து டார்ச்சை எடுத்தாள்.

"திறங்க."

பழக்கதோஷம், வாயைத் திறந்தேன்.

"உங்க வாயை இல்ல, பெட்டியை."

திறந்தேன். வெளிச்சம் அடித்துப் பார்த்தாள்.

"இங்க ரெண்டு இடம் காலியா இருக்கே?"

"வயசாயிடுச்சுல்ல, தானா விழுந்திருக்கும்."

"விழுந்தா கீழ கிடக்கணுமே? சுத்திலும் தூசி, அந்த ரெண்டு இடம் மட்டும் பளிச்சுனு இருக்கு. இது விழுந்த பல் இல்லீங்க. பிடுங்கின பல்."

என் கை, என்னைக் கேட்காமலே, சட்டைப் பையைப் பொத்திக்கொண்டது. அவள் உள்ளங்கையை நீட்டினாள். கொடுத்துவிட்டேன். எந்தப் பக்கம் செருக வேண்டும் என்று வேறு நானே சொல்லிக்கொடுத்தேன்!

க்ளிக். க்ளிக். பட்டனை அமுக்கினாள். திரை ஒளிர்ந்தது.

அந்தக் கையைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். இத்தனை வருஷம் பழகிய எனக்கே அந்தத் தகடு இரண்டு முறையாவது வழுக்கும். அவளுக்கு ஒரே அழுத்தம். பெட்டிக்கு வலித்தே இருக்காது. மாட்டிக்கொண்ட வெட்கத்தைவிட, இவள் என் மனைவி என்ற பெருமைதான் எனக்கு அதிகமாக இருந்தது. கை தட்டாத குறை.

"கோபமா?" என்றேன்.

"சேச்சே. எனக்கு ஒரு சந்தேகம் இருந்துச்சு, அது தீர்ந்துச்சு."

"என்ன சந்தேகம்?"

செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "எல்லாத்தையும் ஒட்டி மூடணும்னு அந்தக் கம்பெனி முதலாளிக்கு யார் சொல்லியிருப்பாங்கன்னு. அவரோட சம்சாரம்தான்!"