கொம்பு கேட்டு வந்த கொழுந்தனாருக்கு

கிரிம்ஷா,
செவ்வாய்க்கிழமை.

மதிப்பிற்குரிய கொழுந்தனார், பேண்டு மாஸ்டர் ஜேபெஸ் அவர்களுக்கு,

கடிதம் என்றால் முதலில் நலம் விசாரிக்க வேண்டும் என்று ஞாயிறு பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள். விசாரித்தாகிவிட்டது. இனி என் பேச்சு.

உங்கள் அண்ணன் ஈனாக்கைப் புதைத்த மண் இன்னும் காயவில்லை. சனிக்கிழமை அடக்கம், ஞாயிறு காலையில் நீங்கள் என் வாசலில். ஆறுதல் சொல்ல வந்தீர்களாக்கும் என்று அடக்க விருந்தில் மிச்சமிருந்த பன்றித்தொடையை நறுக்கி வைத்தேனே, என்னைச் சொல்ல வேண்டும். மூன்று துண்டு உள்ளே போனதும், "அண்ணி, அண்ணனோட பித்தளைக் கொம்பை எடுத்துட்டுப் போகட்டுமா? அடுத்த வாரம் போட்டி. இனிமே நம்ம பேண்டு ஓபெட்தான் ஊதப்போறான்" என்றீர்கள். ஓபெட்டா! "கஞ்சியை ஊதிக் குடிக்கவே அந்த மனுஷனுக்கு மூச்சு பத்தாதே!" என்றேன். "பேண்டு ஆலையோடது, கொம்பும் ஆலையோட சொத்து, அண்ணி" என்றீர்கள். இருபத்திரண்டு வருஷம் அதைச் சாம்பல் போட்டுத் துலக்கியது ஆலை முதலாளியின் பெண்டாட்டியா?

உங்கள் அண்ணன் தினமும் சாப்பாடு முடிந்ததும் என் அடுக்களையில் உட்கார்ந்து பூம், பூம் என்று ஆரம்பிப்பார். தட்டெல்லாம் நடுங்கும், பூனை வெளியே ஓடிவிடும். "இதுல பாட்டு எங்கேய்யா இருக்கு?" என்பேன். "பாட்டு மத்தவங்ககிட்ட இருக்கு, டார்கஸ். நான் அடியில தாங்கறவன்" என்பார். "தாங்கறது நானும் பூனையும்தான்!" என்பேன்.

சனிக்கிழமை சவப்பெட்டிக்குப் பின்னால் பேண்டு வாசித்தீர்களே, மரியாதைக்காக அவர் இடத்தைக் காலியாக விட்டு? அப்போதுதான் முழுப் பாட்டையும் முதல்முறை கேட்டேன். நடுநடுவே ஓட்டை. ஒவ்வொரு ஓட்டையிலும் என் வாய் தானாகப் பூம் என்றது. பாதிரியார் திரும்பிப் பார்த்தார், உங்கள் மனைவி என்னைக் கிள்ளினாள். பனிக்காலம் முழுக்க நான் திட்டித் தீர்த்த பூம், இந்தச் சவ ஊர்வலப் பாட்டுக்குத்தான்! பெரிய முதலாளி சாகக் கிடக்கிறார் என்று நீங்கள்தானே அதைப் பழகச் சொன்னீர்கள்? அவர் எழுந்து நடமாடுகிறார். படுத்தது என் புருஷன்.

கொம்பு வராது. கட்டிலில் அவர் படுக்கும் பக்கத்தில் கிடக்கிறது. போலீஸைக் கூட்டி வந்தாலும் சரி.

உங்கள் மனைவி மக்களுக்குக் கடவுள் சுகம் தரட்டும். பன்றித்தொடை செரித்திருந்தால் உங்களுக்கும்.

இப்படிக்கு,
அண்ணி டார்கஸ்

பி.கு.: ஓபெட்டை அனுப்புங்கள். சாப்பாட்டுக்கு அப்புறம் வந்து என் அடுக்களையிலேயே பழகட்டும். போட்டிக்கும் எடுத்துப் போகட்டும், முடிந்ததும் கொம்பு இங்கே வந்துவிட வேண்டும். தப்பாக ஊதினால் எனக்குத் தெரியும். பூனை ஒரு வாரமாக வெளியே ஓடவே இல்லை. அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.